காற்றுக்கு முதல் பரிசு

மைக் செட்காரர் குடும்பத்துக்குச் சோறு போட்டவை இரண்டு எழுத்துகள். ஒன்று சின்ன ல, இன்னொன்று பெரிய ள. கடைப் பலகையில் 'ஒலி – ஒளி அமைப்பாளர்' என்று எழுதியிருப்பார். உள்ளே இரண்டு இரும்புப் பெட்டிகள். ஒலி என்று எழுதிய பெட்டியில் மைக்கும் ஸ்பீக்கர்களும், ஒளி என்று எழுதிய பெட்டியில் விளக்குகளும் இருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருமுறை பெட்டி மாறிப்போனது. கல்யாண வரவேற்புக்கு விளக்குக் கேட்டவர்களுக்கு எட்டு ஸ்பீக்கர்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் இருட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து அந்த ஓர் எழுத்து விஷயத்தில் மட்டும் படு கண்டிப்பு. மற்றபடி யார் எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்று தலையாட்டிவிடுகிற மனிதர்.

அவருக்கு ஒரே மகள். அம்மா, அப்பா என்று சொல்வதற்கு முன்னாலேயே 'எதுக்கு?' என்று கேட்டவள். சாப்பிடு என்றால் எதுக்கு, தூங்கு என்றால் எதுக்கு, மழை பெய்தால் எதுக்கு. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் அதை யாரும் தொட்டதில்லை. "எதுக்கு, இங்க வா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அந்தப் பெண்ணுக்கு ஒரே ஆசை வந்தது. அறிவியல் பள்ளியில் சேர வேண்டும். அங்கே நிஜமான ஆய்வகம் இருந்தது. அவள் படித்த பள்ளியிலும் ஆய்வகம் உண்டு. ஆனால் அதன் சாவி, முன்னாள் தலைமை ஆசிரியரோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது.

அறிவியல் பள்ளியில் அவர்கள் வட்டாரத்துக்கு ஒரே ஓர் இடம். அந்த இடத்துக்கு மதிப்பெண் உதவாது, விண்ணப்பம் உதவாது, அழுது புரண்டாலும் உதவாது. மாணவர் அறிவியல் ஆற்றல் ஊக்குவிப்பு வினாடி வினாக் குழுமம் நடத்தும் போட்டியில் முதல் பரிசு வாங்க வேண்டும். குழுமத்தின் பெயரை முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும் என்பதால் எல்லோரும் அதைக் குழுமம் என்றே சொன்னார்கள்.

குழுமம் ஒரு கையேடு போட்டிருந்தது. இரண்டாயிரம் கேள்விகள், இரண்டாயிரம் பதில்கள். தையல்காரியான அம்மா, மிஷினை மிதித்துக்கொண்டே மகளிடம் கேள்வி கேட்பாள். வாயில் நாலு குண்டூசி இருக்கும்.

"குழுமத்தின் செயலாளருக்கு எத்தனை பட்டங்கள்?"

"நாலும்மா. ரெண்டு அவரே குடுத்துக்கிட்டது."

"அதெல்லாம் சேர்த்துச் சொல்லாதடி. நாலுன்னு மட்டும் சொல்லு. தலைவரின் உயரம்?"

"நூத்தி அறுபத்தெட்டு. அம்மா, இது எதுக்கு அறிவியல்ல வருது?"

அம்மா மிஷினை நிறுத்தினாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"இந்தா பாரு. பதினாலாவது விதி என்ன சொல்லுது? போட்டியாளர் கேள்வி கேக்கக் கூடாது. கேட்டா அஞ்சு மார்க் கழிப்பாங்க. நீ ஒரு நாளைக்குக் கேக்கிற கேள்விக்கு மைனஸ்ல முன்னூறு வாங்குவ. வாயைக் கட்டு."

பெண் வாயைக் கட்டினாள். ஆறு வாரம் அந்த வீட்டில் 'எதுக்கு' என்ற சொல்லே கேட்கவில்லை. அப்பாவுக்குத்தான் வீடு வெறிச்சென்று இருந்தது. மூன்று சுற்றுகள் முடிந்து, முன்னூறு பள்ளிகளில் இரண்டு பேர் இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். ஒருத்தி அவள். இன்னொருவன், செயலாளரே நிர்வாகியாக இருக்கும் பள்ளியிலிருந்து வந்த பையன். கழுத்துப்பட்டியும் தடித்த கறுப்புக் கோட்டும் போட்டிருந்ததால் அரங்கில் எல்லோருக்கும் அவன் கோட்டுப் பையன்.

இறுதிப் போட்டிக்கு மைக்கும் விளக்கும் போட மைக் செட்காரரையே அழைத்திருந்தார்கள். மகள் போட்டியிடுவதை அவர் முன்னதாகவே சொன்னார். குழுமம் இதைப் பற்றி ஆலோசித்து, அவர் 'போட்டி முடியும் வரை தந்தையாக இருக்க மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றது. 'சரிங்க' என்று எழுதிக் கொடுத்தார்.

போட்டி காலை ஒன்பது மணிக்கு. ஒன்பது மணிக்கு மேடையில் போட்டியாளர்கள் இருவரும், திரையும், பன்னிரண்டு காலி நாற்காலிகளும் இருந்தன. பத்தே முக்காலுக்கு விருந்தினர்கள் வந்தார்கள். பதினாலு பேர். நாற்காலி குறைந்தது. போட்டியாளர்களின் நாற்காலிகளை எடுத்து விருந்தினர்களுக்குப் போட்டார்கள். "இளரத்தம், நிக்கட்டும்" என்றார் செயலாளர்.

பிறகு நினைவுப் பரிசுகள். தலைவர் செயலாளருக்கு ஒரு கேடயம் கொடுத்தார். செயலாளர் தலைவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார். துணைத் தலைவருக்கு இருவரும் சேர்ந்து கொடுத்தார்கள். கடைசியில் ஒரு கேடயம் மிஞ்சியது. கேடயங்களை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தவருக்கு, சிறப்பாக நீட்டியதற்காக அதைக் கொடுத்தார்கள். புகைப்படக்காரர் படம் சரியாக விழவில்லை என்றதால் எல்லாவற்றையும் வாங்கித் திரும்ப ஒருமுறை கொடுத்தார்கள்.

தலைவர் பேச எழுந்தார். அவர் சிமெண்டு வியாபாரி. மைக்கை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"அன்பான மாணவச் செல்வங்களே! அறிவியல்னா என்ன? நிறைய பேரு கேள்வி கேக்கிறதுதான் அறிவியல்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. தப்பு. பதில் சொல்றதுதான் அறிவியல். கேள்வியை நாங்க பாத்துக்கறோம். மரத்துலேருந்து ஒரு பழம் விழுந்ததாம், ஏன் விழுந்துச்சுன்னு ஒருத்தர் கேட்டாராம். அவருக்குப் போட்டி இல்ல, பொழுது இருந்துச்சு, கேட்டாரு. உங்களுக்குப் போட்டி இருக்கு! நான் படிக்கிற காலத்துல அறிவியல் பாடத்துல மூணு தடவை பெயில். ஆனா இன்னிக்கு அறிவியலுக்கே பரிசு குடுக்கிற இடத்துல நிக்கிறேன். எப்படி? இந்த முப்பது வருஷத்துல நான் யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்ல. என்னையும் யாரும் கேட்டதில்ல!"

பலத்த கைதட்டல். மைக் செட்காரரும் தட்டினார். தட்டாவிட்டால் தந்தை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

பன்னிரண்டரைக்கு வினா நடத்துநர் மைக்கைப் பிடித்தார். கணீரென்ற குரல். ஆனால் அவர் நாக்கில் ல, ள, ழ மூன்றும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

"அன்பான பல்லி மாணவர்கலே! முன்னூறு பல்லிகல் கலந்துகொண்ட இப்போட்டியில் இரண்டே பல்லிகல் மிஞ்சியுல்லன. எந்தப் பல்லி வெல்லும்?"

முதல் வரிசையில் ஒரு குழந்தை மேலே விட்டத்தைப் பார்த்தது.

கேள்வி தொடங்குவதற்குள் ஒரு சிக்கல் வந்தது. இரண்டு மேசைகளிலும் மணி ஒலிக்கும் பொத்தான்கள் இருந்தன. இரண்டுமே வேலை செய்யவில்லை.

"யோவ் மைக்கு, கொஞ்சம் பாரு" என்றார் செயலாளர்.

மைக் செட்காரர் கோட்டுப் பையனின் மேசைக்கு அடியில் புகுந்து, அறுந்த ஒயரை முறுக்கிவிட்டார். மணி அடித்தது. பிறகு மகளின் மேசையை நோக்கி நகர்ந்தார்.

"ஏய், ஏய், நில்லு. அந்த மேசையில கை வைக்கக் கூடாது. அது உன் பொண்ணு."

"போட்டி முடியற வரைக்கும் இல்லீங்களே சார், எழுதிக் குடுத்திருக்கேனே."

"எழுதிக் குடுத்தது எழுத்து. இது நடுநிலைமை."

"அப்ப அதை யாரு சார் சரி பண்றது?"

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. விதியில் இல்லாததைச் செய்ய முடியாது என்பதால் பொத்தான் அப்படியே விடப்பட்டது. பதில் தெரிந்தால் அந்தப் பெண் ஒரு துண்டுச் சீட்டில் 'எனக்குப் பதில் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்திட்டுச் செயலாளரிடம் தர வேண்டும். அவர் நேரத்தைக் குறித்து நடத்துநருக்கு அனுப்புவார்.

இப்படியாகத்தான் போட்டி நடந்தது. கோட்டுப் பையன் மணியடித்தான். அவள் சீட்டு எழுதினாள். நல்லவேளையாகக் கோட்டுப் பையன் மணி அடித்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குவான். அவன் தவறவிட்ட கேள்விகளெல்லாம் அவளிடம் வந்தன. தலைவரின் உயரத்தைக் கேட்டபோது மட்டும் இருவரும் ஒரே சமயத்தில் சரியாகச் சொன்னார்கள். தலைவர் எழுந்து நின்று காட்டினார்.

மூன்று மணிக்கு எண்பதுக்கு எண்பது. ஒரே ஒரு கேள்வி பாக்கி. மூன்றாவது வரிசையில் அம்மா, முந்தானை முனையை விரலில் சுற்றி அவிழ்த்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கடைசி வினா! காற்றே இல்லாத வெற்றிடத்தின் வலியாகவும் பயணம் செய்யக் கூடியது எது?"

கோட்டுப் பையன் மணியடித்தான். யோசித்தான். "காற்று" என்றான்.

"தவறு! அடுத்த பல்லி?"

அவள் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு மைக்குக்கு அருகில் வந்தாள். "ஒளி" என்றாள்.

நடத்துநர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஒலி! மிகச் சரியான விடை! முதல் பரிசு, அறிவியல் பல்லியில் இடம்..."

மீதி யாருக்கும் கேட்கவில்லை. அம்மா எழுந்து நின்று, பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்மணியைக் கட்டிக்கொண்டாள். மைக் செட்காரர் கலங்கிய கண்ணைத் தோள் துண்டில் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது திரையில் விடை வந்திருந்தது. ஆளுயர எழுத்து. 'விடை: ஒலி.' சின்ன ல.

மகளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. அவளுடைய மூன்று வயதிலிருந்தே அந்தச் சுருக்கத்தை அவருக்குத் தெரியும். 'வேண்டாம்டா கண்ணு' என்று மனதுக்குள் சொன்னார். அதற்குள் அவள் அடுத்த சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டாள்.

செயலாளர் சீட்டை வாங்கிப் படித்தார். இருமுறை படித்தார். தலைவரிடம் காட்டினார். 'ஐயா, திரையில் இருக்கும் விடை தவறு. நான் சொன்னது பெரிய ள போட்ட ஒளி. வெளிச்சம்.'

"அதான் ஜெயிச்சிட்டியேம்மா, அப்புறம் என்ன?" என்றார் தலைவர்.

"தப்பான பதிலுக்கு ஜெயிச்சதா ஆகுது சார். சத்தம் வெற்றிடத்துல போகாது."

"அப்போ அட்டையில இருக்கிறதை நீ சொல்லலையா?"

"சொல்லலை சார். சரியானதைச் சொன்னேன்."

"அட்டையில இருக்கிறதுதானேம்மா சரியானது!" என்றார் செயலாளர், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல.

மேல்முறையீட்டுக் குழு கூட்டப்பட்டது. தலைவர், செயலாளர், நடுவர், நடத்துநர் நால்வரும் எழுந்து, நாற்காலிகளை மேசையின் மறுபக்கம் போட்டு உட்கார்ந்தார்கள். இப்போது அவர்கள் மேல்முறையீட்டுக் குழு. முதலில் நடுவரைக் கேட்டார்கள். அவர் ஓய்வு பெற்ற பேராசிரியர், அதுவரை கண்ணை மூடியிருந்தார்.

"என் பாடம் விலங்கியல். நீங்க சொல்ற ரெண்டுமே விலங்கு இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார்.

மைக் செட்காரரின் கருவியில் எல்லாம் பதிவாகியிருந்தது. அதைப் போடச் சொன்னார்கள். 'ஒளி' என்று அவள் குரல் அரங்கம் முழுவதும் கேட்டது. பதினோரு முறை போட்டார்கள்.

"எனக்கு ஒலின்னுதான் கேக்குது" என்றார் தலைவர்.

"எனக்கும்" என்றார் செயலாளர்.

நடத்துநர் வெகுநேரம் யோசித்தார். "ஒரு தடவை கேட்டா ஒலி மாதிரி இருக்கு. இன்னொரு தடவை கேட்டா ஒலி மாதிரி இருக்கு."

மைக் செட்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு வந்து மேடை முன்னால் வைத்தார். "சார், கோச்சுக்காதீங்க. இது ஒலி, இதுல ஸ்பீக்கர் இருக்கு. இது ஒளி, இதுல லைட் இருக்கு. ரெண்டும் வேற வேற சார். மாத்திக் கொண்டுபோனா அடிக்க வருவாங்க."

"ரெண்டையும் ஒரே ஆளுதானே கொண்டு வந்தே?"

"ஆமாங்க."

"ஒரே வண்டியில?"

"ஆமாங்க."

"அப்புறம் என்னய்யா வித்தியாசம்?" என்றார் தலைவர்.

"காத்தே இல்லாத இடத்துல சத்தம் எப்படி சார் போகும்?"

"யோவ் மைக்கு, நீ சொல்றது அறிவியல். இங்க நடக்கிறது அறிவியல் வினாடி வினா." செயலாளர் கையேட்டைத் தூக்கிக் காட்டினார். "இதுல ஒலின்னு அச்சாகி முன்னூறு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கு. முன்னூறு பள்ளிக்கூடம் மனப்பாடம் பண்ணியிருக்கு. முன்னூறும் தப்பு, உன் பொண்ணு ஒருத்தி சரியா?"

"அதான் ஒருத்தி சரியாச் சொல்றாளேன்னு..." என்று இழுத்தார் மைக் செட்காரர்.

"கையேட்டுல இருந்ததை நான் அச்சுப் பிழைன்னு நினைச்சேன் சார்" என்றாள் மகள்.

குழு தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தது. பிறகு தலைவர் கருணையோடு நிமிர்ந்தார். அந்தப் பெண்ணின் எதிர்காலத்தை மனதில் கொண்டு, ஒரு வழி செய்திருந்தார்கள். 'நான் கூறிய விடை ஒலி என்றும், ஒலி வெற்றிடத்தில் பயணிக்கும் என்றும் உறுதி கூறுகிறேன்' என்று ஒரு படிவம். போட்டியாளரும் பெற்றோரும் கையெழுத்திட்டால் முதல் பரிசு அவளுக்கே. அறிவியல் பள்ளியில் இடமும் அவளுக்கே.

அம்மா மேடைக்கு ஓடி வந்துவிட்டாள். "போடுடி. ஒரு எழுத்துதானேடி."

"அம்மா, நீ அளவு சட்டை தைக்கிறப்போ அரை இஞ்சுதானேன்னு விடுவியா?"

"அது உடம்புல போடுறதுடி! மூச்சு முட்டும்."

"எனக்கும் முட்டுதும்மா."

அம்மா வாயைத் திறந்தாள். வாயில் குண்டூசி இல்லாமலேயே பேச்சு வரவில்லை. புருஷனைப் பார்த்து, "ஏங்க, நீங்களாவது சொல்லுங்க" என்றாள்.

மைக் செட்காரர் படிவத்தை வாங்கினார். எத்தனையோ காகிதங்களைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், இதை எழுத்துக் கூட்டிப் படித்தார். மகள் அவரைக் கெஞ்சவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பேனாவை மூடிச் செயலாளரிடம் நீட்டினார்.

"இந்தக் காகிதத்துல எனக்குக் கையெழுத்து வரலீங்க."

'சரிங்க' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் வேறு வாக்கியம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று அம்மா பின்னாளில் சொல்வாள்.

தீர்ப்பு பத்து நிமிடத்தில் வந்தது. போட்டியாளர் தம் விடையைத் தாமே மறுத்துவிட்டதால் அது செல்லாது. எஞ்சியிருப்பது 'காற்று'. அது தவறு என்று முன்பு அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆயினும் காற்று இல்லாமல் ஒலி இல்லை.

"ஒலிக்குக் காற்று தாய்மாமன் முறை" என்று விளக்கினார் செயலாளர். "தாய்மாமன் வந்தா வீட்டுல ஆள் வந்த மாதிரிதானே?"

காற்றுக்கு முதல் பரிசு கொடுக்கப்பட்டது. கோட்டுப் பையன் கேடயத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபதாவது விதிப்படி, தோற்றவர் மூன்று நிமிடம் கைதட்ட வேண்டும். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அவள் தட்டினாள்.

வண்டியில் முன் சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்து வந்தார்கள்.

"அப்பா" என்றாள் மகள். "காத்தே இல்லாத இடத்துல என்ன போகுமாம், தெரியுமா? காத்து."

அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவருக்கும் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தும் அளவுக்குச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அம்மா தோளில் முகத்தைப் புதைத்து, "எனக்கு அந்த ஸ்கூல் வேணும்மா" என்று அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "வேணும்தான்டி. வேணும்தான்" என்றாள்.

அவள் பழைய பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள்.

நாலு மாதம் கழித்து அறிவியல் பள்ளியிலிருந்து மைக் செட்காரருக்கு அழைப்பு வந்தது. இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு மின்சார மணி பழுது. அவசரம். அன்று மகளுக்கு விடுமுறை. "நானும் வரேன்ப்பா, பாத்துட்டு மட்டும் வந்துடறேன்" என்றாள்.

ஆய்வகம் பெரியதாக, சுத்தமாக இருந்தது. நீண்ட கறுப்பு மேசைகள், கண்ணாடி அலமாரிகள். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொட்டுவிடாமல் நடந்தாள். நடுமேசையில் தவலை அளவுக்கு ஒரு கண்ணாடிச் சாடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு மணி தொங்கியது. அடியிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் காற்றை உறிஞ்சும் பம்புக்குப் போனது.

"இதாங்க" என்றார் இயற்பியல் ஆசிரியர். களைத்த முகம். "காத்தை எடுத்துட்டா மணிச் சத்தம் நின்னுடுது. குழுமத்தோட புது கையேட்டுப்படி கேக்கணும். மூணு மணி மாத்தியாச்சு. ஒயர் மாத்தியாச்சு. செயலாளர் நேர்ல வந்து பாத்துட்டு, கருவி பழுதுன்னு எழுதிட்டுப் போயிட்டார்."

மைக் செட்காரர் ஸ்விட்சைப் போட்டார். மணி கணகணவென்று அடித்தது. "இதை நான் ஓட்டட்டுமா சார்?" என்று பம்பைக் காட்டினாள் மகள். ஆசிரியர் தலையசைத்தார்.

பம்பு ஓடியது. மணிச் சத்தம் மெலிந்தது. அடுத்த அறையில் அடிப்பதுபோல் ஆயிற்று, பிறகு அடுத்த தெருவில், பிறகு எங்கேயோ. பிறகு இல்லை. ஆனால் சாடிக்குள் அந்தச் சின்னச் சுத்தியல் மணியை அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அது துடிப்பது பளிச்சென்று தெரிந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். புத்தகத்தில் படித்திருக்கிறாள். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இது பழுது இல்ல சார்."

"தெரியும்மா. நான் இயற்பியல்ல எம்.எஸ்சி."

"தெரிஞ்சுமா சார்..."

"தெரியறது வேற, வேலை வேறம்மா." அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். "நீதான் அந்தப் பொண்ணுன்னு உள்ள வர்றப்பவே தெரிஞ்சுது. ஜெயிச்ச பையன் இங்க ரெண்டு வாரம்தான் இருந்தான். புடிக்கல, போயிட்டான். இடம் காலியாத்தான் இருக்கு. இந்தப் படிவமும் இருக்கு. இன்னிக்குப் போட்டாலும் திங்கக்கிழமை வகுப்புக்கு வந்துடலாம். கண்ணை மூடிக்கிட்டு ஒரு கையெழுத்து. அப்புறம் ரெண்டு வருஷம் இந்த ஆய்வகம் முழுக்க உனக்கு."

அதே படிவம். 'ஒலி வெற்றிடத்தில் பயணிக்கும் என்று உறுதி கூறுகிறேன்.'

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன் இஷ்டம்மா" என்றார் அவர். "நீ போட்டா நானும் போடறேன். அன்னிக்கு மாதிரி மாட்டேன்னு சொல்ல மாட்டேன்."

அவள் பேனாவை எடுத்தாள். சாடிக்குள் சுத்தியல் இன்னும் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. படிவத்தைத் திருப்பி வைத்து, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் எழுதினாள்: 'காற்றை வெளியேற்றிய பின், மணி அடிப்பது தெரிகிறது. கேட்கவில்லை.' தேதி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள். பதிவேட்டில் இருக்கும் முழுப் பெயரை எழுதினாள்.

ஆசிரியர் அதைப் படித்தார். பிறகு கோப்பைத் திறந்து, 'விண்ணப்பம் முழுமையற்றது' என்று மேலே எழுதி உள்ளே வைத்தார்.

மைக் செட்காரர் பழுதுபார்ப்புச் சீட்டில் 'பழுது இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மகளோடு வீட்டுக்குப் போனார். மறுநாள் செயலாளர் அதைப் பார்த்து, 'இவருக்கு வேலை தெரியவில்லை' என்று குறிப்பு எழுதி, வேறொரு மெக்கானிக்கை அனுப்பினார். அவர் கெட்டிக்காரர். ஐந்தே நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடித்தார். சாடியின் பின்பக்கத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார்.

இப்போது அந்த ஆய்வகத்தில் வெற்றிடத்தில் மணி கணீரென்று கேட்கிறது. பார்க்க வருகிறவர்களுக்குச் செயலாளர் தாமே பம்பை ஓட்டிக் காட்டுகிறார்.